யோங் பெங் வடிகாலும் கோத்தா இஸ்கண்டார் கேள்வி நேரமும்

யோங் பெங்கில் எந்தக் குறைக்கும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: "ஒய்பி கிட்ட சொல்லுங்க." வடிகால் அடைத்துக்கொண்டால் ஒய்பி. கோயில் நிலத்துக்கு கிராண்ட் வரவில்லையென்றால் ஒய்பி. தமிழ்ப் பள்ளிக் கூரை ஒழுகினாலும், பையனுக்கு ஐசி கிடைக்க இழுத்தடித்தாலும், சாலையில் குழி விழுந்து மோட்டார் சைக்கிள் சரிந்தாலும் அதே ஒய்பிதான். அவரும் சிரித்த முகத்தோடு குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தக் குறை எங்கே போகிறது, யார் முன் வைக்கப்படுகிறது, யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நம்மில் பலர் கேட்பதில்லை. அந்த வழியை இங்கே கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு. ஒய்பி என்றால் நாம் தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதி. யோங் பெங்காரர்களுக்கு ஒய்பி இரண்டு பேர். ஒருவர் கோலாலம்பூரில் உட்காரும் ஆயர் ஹீத்தாம் நாடாளுமன்ற உறுப்பினர். 2004 முதல் மசீச-வின் வீ கா சியோங் அந்தத் தொகுதியை வென்று வந்திருக்கிறார். மற்றவர் ஜொகூர் சட்டமன்றத்தில் உட்காரும் யோங் பெங் உறுப்பினர். தொகுதிப் பட்டியலில் என்.19 என்று இருக்கும். ஆயர் ஹீத்தாம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் யோங் பெங், செமாராங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். இந்தக் கட்டுரை இரண்டாவது ஒய்பியையும் அவர் உட்காரும் அவையையும் பற்றியது.

மூன்றாவதாக ஊராட்சியில் நாம் தேர்ந்தெடுத்த ஆள் யாரும் கிடையாது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை ஒரேயடியாக ஒழித்துவிட்டது. யோங் பெங் மாவட்ட மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆக, குப்பை லாரி முதல் அங்காடிக் கடை லைசென்ஸ் வரை கவனிக்கும் மன்றத்தை நம் வாக்கின் பெயரால் கேள்வி கேட்கக்கூடிய மிக அருகிலுள்ள ஆள் சட்டமன்ற உறுப்பினர்தான்.

அவை எங்கே, எத்தனை பேர்

ஜொகூர் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 56 பேர். முன்பு ஜொகூர் பாருவில் புக்கிட் திம்பாலான் மேட்டில் நிற்கும் சுல்தான் இப்ராஹிம் கட்டடத்தில் அவை கூடியது. இப்போது இஸ்கண்டார் புத்ரியில், கோத்தா இஸ்கண்டார் வளாகத்திலுள்ள சுல்தான் இஸ்மாயில் கட்டடத்தில் கூடுகிறது. யோங் பெங்கிலிருந்து நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

2022 மார்ச் 12-இல் நடந்த தேர்தல் 15-வது சட்டமன்றத்தை அமைத்தது. 18 வயது நிரம்பியவர்கள் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் அது. தேசிய முன்னணிக்கு 40, பக்காத்தான் ஹராப்பானுக்கு 12, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 3, மூடாவுக்கு 1. தேசிய முன்னணியின் 40-இல் மஇகா-வின் பங்கு மூன்று: காஹாங், தெங்காரோ, கெமெலா. மாச்சாப் உறுப்பினர் ஓன் ஹாஃபிஸ் காஸி மந்திரி பெசார் ஆனார். அவையின் தலைமையில் நம் வட்டாரத்தின் கை ஓங்கியிருந்தது. சபாநாயகராகத் தேர்வான முகமது புவாட் ஸர்காஷி நம் பத்து பகாட் மாவட்டத்தின் ரெங்கிட் தொகுதிக்காரர். துணைச் சபாநாயகர் சம்சோல்பாரி ஜமாலி, நம் பக்கத்து செமாராங் தொகுதிக்காரர். யோங் பெங்கை வென்ற மசீச-வின் லிங் தியான் சூன், மாநில அரசை நடத்தும் ஆட்சிக்குழுவில் சுகாதாரப் பொறுப்பை ஏற்றார்.

சபாநாயகர் உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2018 முதல் 2022 வரை அந்த நாற்காலியில் இருந்த சுஹைசான் காயாட் எந்தத் தொகுதியிலிருந்தும் வந்தவரல்ல. இடையில் 2020-இல் ஆட்சி கைமாறியும் அவர் நாற்காலி மாறவில்லை.

அவை ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது மட்டுமே அரசியலமைப்பு போட்டிருக்கும் எல்லை. நடைமுறையில் ஆண்டுக்குச் சில தொடர்கள், ஒவ்வொன்றும் சில நாட்கள். 56 பேரும் அந்தச் சில நாட்களுக்குள் தங்கள் ஊர்க் குறைகளைத் திணித்தாக வேண்டும். இது போதாது என்பது என் கருத்து. ஆனால் கூடும் நாட்களையே முழுதாகப் பயன்படுத்தாத ஊர், நாட்கள் போதவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

2014 தொடக்கத்திலிருந்து 2024 முடிவு வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அந்த ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமையும் அவைக்கு வேலை நாள். 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறை. அவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பழைய கணக்கில் போக வேண்டாம்.

ஒரு நாள் எப்படி நகர்கிறது

மணி அடிக்கும். உறுப்பினர்கள் எழுந்து நிற்பார்கள். பெந்தாரா எனப்படும் அவைக் காவலர் செங்கோலைத் தோளில் ஏந்தி முன்னே வர, சபாநாயகர் பின்னால் நடந்து வந்து அமர்வார். செங்கோல் தன் இடத்தில் வைக்கப்பட்டால்தான் அவை கூடியதாகக் கணக்கு. பிறகு இறைவேண்டல். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் சபாநாயகர் திருக்குறள் ஒன்றைச் சொல்லி நாளைத் தொடங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த இடத்தில் டோவா.

இடைத்தேர்தலில் வென்று புதிதாக வந்தவர் இருந்தால் அப்போது உறுதிமொழி எடுப்பார். 15-வது அவையில் அது இரண்டு முறை தேவைப்பட்டது. உறுப்பினர் சலாஹுடின் அயூப் மறைவுக்குப் பின் 2023 செப்டம்பரில் அவருடைய சிம்பாங் ஜெராம் தொகுதியிலும், 2024 செப்டம்பரில் மக்கோத்தாவிலும் இடைத்தேர்தல் நடந்தது. பிறகு சபாநாயகரின் அறிவிப்புகள். இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்து வருவதுதான் நம் ஊருக்குப் பயன்படும் பகுதி: வாய்மொழிக் கேள்விகள். உறுப்பினர்கள் கூட்டத்தொடருக்கு முன்பே கேள்விகளை எழுத்தில் அனுப்பியிருக்க வேண்டும். செயலகம் அவற்றுக்கு எண் போட்டு அட்டவணையாக்கி மேசையில் வைத்திருக்கும். சபாநாயகர் பெயர் சொல்லி அழைத்ததும் உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணை மட்டும் சொல்வார். கேள்வியை வாசிக்க மாட்டார், அது ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து, துறை எழுதிக் கொடுத்த பதிலைப் படிப்பார்.

சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். முதல் பதில் தயாரித்த பதில். அதை ஒட்டி எழும் துணைக் கேள்விக்கு முன்னறிவிப்பு கிடையாது. துறையை உண்மையிலேயே கவனிக்கிற ஆட்சிக்குழு உறுப்பினர் நின்ற இடத்திலேயே பதில் சொல்வார். கவனிக்காதவர் அதிகாரிகள் பக்கம் திரும்பிப் பார்ப்பார், துண்டுச் சீட்டுக்குக் காத்திருப்பார், இல்லையென்றால் "எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறேன்" என்று அமர்ந்துவிடுவார். அந்த அரை நிமிடம், ஒரு மணி நேர மேடைப் பேச்சில் தெரியாததைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்விக்கென்று விதிகள் உண்டு. கேள்விக்குள் கருத்து, வாதம், குற்றச்சாட்டு நுழையக்கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. மாநில அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக்கூடாது. விதி மீறிய கேள்வியைச் சபாநாயகர் நிராகரிக்கலாம், திருத்தவும் சொல்லலாம். கேள்வி நேரம் முடிவதற்குள் முறை வராத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எழுத்துப் பதிலை மட்டும் கோரி அனுப்பும் கேள்விகள் தனி வகை. இந்த வகையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. படம் பிடிக்க எதுவும் இல்லாததால் பத்திரிகையிலும் வராது. ஆனால் எண்களும் தேதிகளும் வேண்டுமென்றால் அதைவிட நல்ல கருவி கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2023 மார்ச்சில் பெய்த மழையில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். பத்து பகாட் மாவட்டத்தில் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. யோங் பெங்கும் மிதந்தது. இதைப் பற்றி ஓர் உறுப்பினர், "யோங் பெங் வெள்ளப் பிரச்சினையைத் தீர்க்க அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால் வரக்கூடிய பதிலை நீங்களே எழுதிவிடலாம்: அரசு கவனம் செலுத்துகிறது, பல நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன, மக்கள் ஒத்துழைக்க வேண்டும். அதையே இப்படி மாற்றுங்கள்: "2023 மார்ச்சுக்குப் பிறகு யோங் பெங் மாவட்ட மன்ற எல்லைக்குள் எந்தெந்தத் தாமான்களில் வடிகால் தூர் வாரப்பட்டது? ஒவ்வோர் இடத்துக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு? செலவானது எவ்வளவு? மீதி வேலை எந்த மாதம் முடியும்?" இதற்கு வரும் பதிலில் ஓர் எண்ணாவது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால், இல்லை என்பதே பதிவாகிவிடும். அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வியைப் பழைய பதிலோடு சேர்த்துக் கேட்கலாம்.

அவையில் பேசியது அனைத்தும் ஹன்சார்ட் எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கையில் ஏறும். மேடையில் கொடுத்த வாக்குறுதியைப் "பத்திரிகை திரித்துவிட்டது" என்று தட்டிக் கழிக்கலாம். ஹன்சார்ட்டை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

ஒரே தொகுதி, மூன்று நிலை

யோங் பெங் வாக்காளர் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று இருக்கிறது. ஆட்சிக்குழுவில் இருப்பவர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்வதுதான் அவர் வேலை. ஆக நம் உறுப்பினர் ஆட்சிக்குழுவில் இருக்கும்போது, கேள்வி நேரத்தில் யோங் பெங்கின் பெயரால் எழுந்து கேட்க ஆள் இல்லை.

2013-இல் ஜசெக-வின் சியூ பெக் சூ இந்தத் தொகுதியை வென்றார். அப்போது அவர் எதிர்க்கட்சி வரிசை. 2018-இல் மறுபடி வென்றார். பக்காத்தான் ஆட்சி அமைந்ததால் அரசாங்கத் தரப்பின் பின்வரிசைக்கு மாறினார். 2020 தொடக்கத்தில் ஆட்சி கவிழ்ந்தது, திரும்பவும் எதிர்க்கட்சி. 2022-இல் லிங் தியான் சூன் வந்தார், தொகுதி ஆட்சிக்குழுவுக்குப் போனது. பத்தாண்டுக்குள் யோங் பெங் அவையின் மூன்று நிலைகளையும் பார்த்துவிட்டது.

எந்த நிலை ஊருக்கு நல்லது? ஆட்சிக்குழுவில் நம் ஆள் இருந்தால் கோப்பு நகரும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கோப்பு நகர்ந்ததா என்று அவையில் கேட்க முடியாது. எதிர்க்கட்சி உறுப்பினர் சத்தமாகக் கேட்பார், ஒதுக்கீடு அவர் கையில் இருக்காது. கேள்வி நேரத்தைப் பொறுத்தவரை அரசாங்கத் தரப்பின் பின்வரிசை உறுப்பினர்தான் நல்ல இடத்தில் இருக்கிறார் என்பேன். அவர் கேட்டால் துறை கோபப்படாது, மழுப்பவும் கூச்சப்படும். நம் உறுப்பினர் ஆட்சிக்குழுவில் இருக்கும் காலத்தில், யோங் பெங் வெள்ளம் பற்றிய கேள்வியைப் பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் கொடுப்பதில் தவறே இல்லை. ஆறு தொகுதி எல்லை பார்த்து ஓடுவதில்லை.

எதைக் கேட்கலாம், எது வீண்

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். அதற்குத் தமிழ்நாட்டுச் செய்தியும் சினிமாவும் ஓரளவு காரணம். அங்கே காவல்துறை மாநில அரசின் கையில், அரசு மருத்துவமனையும் மாநிலத்தின் கையில். எம்.எல்.ஏ. இன்ஸ்பெக்டரை மாற்றுகிற காட்சியைப் பார்த்து வளர்ந்த கண், இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறது. மலேசியாவில் போலீஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடியுரிமை, ஐசி எல்லாம் அரசியலமைப்பில் கூட்டரசின் பட்டியலில் இருப்பவை. இவற்றைக் கோத்தா இஸ்கண்டாரில் எழுப்பினால், "இது கூட்டரசு விவகாரம்" என்ற ஒற்றை வரியோடு முடியும்.

மாநிலப் பட்டியலின் தலையாய சொத்து நிலம். நில வரி, நில உரிமை மாற்றம், நிலம் கையகப்படுத்தல் எல்லாம் மாநிலத்துக்கு உட்பட்டவை. தேசிய நிலச் சட்டம் 1965-இல் நாடு முழுக்க ஒரே சீராக இயற்றப்பட்டாலும், அந்தச் சட்டத்தின்படி நிலத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலம்தான். அதனால்தான் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியரும் பாடநூலும் கூட்டரசின் பொறுப்பாக இருக்க, அந்தப் பள்ளி நிற்கும் நிலம் மாநிலத்தின் கதவைத் தட்டுகிறது. பழைய தோட்டத்துக் கோயிலும் அப்படித்தான். இடுகாடு, சுடுகாடு, சந்தை, தங்கும் விடுதி, திரையரங்கு லைசென்ஸ் ஆகியவை "உள்ளூர்ச் சேவைகள்" என்ற தலைப்பில் மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. விவசாயமும் காடும் மாநிலத்துடையவை. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூட மாநிலப் பட்டியலில் தனி எண்ணோடு இருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. வடிகாலும் பாசனமும் அதில்தான். பொதுச் சுகாதாரம், நோய்த் தடுப்பு அதில்தான். குடிநீர் விநியோகம் 2005-இல் மாநிலப் பட்டியலிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. மருத்துவமனை கூட்டரசுடையது என்றால் மாநிலத்தில் எதற்குச் சுகாதார ஆட்சிக்குழு உறுப்பினர் என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தப் பட்டியலில் இருக்கிறது. டிங்கிக் கொசு, உணவுக்கடைத் தூய்மை, குப்பை இவற்றில் மாநிலமும் ஊராட்சியும் பொறுப்பாளிகள்.

சாலைக் குழியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊரில் சாலைக்கு நாலு சொந்தக்காரர்கள். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை பிளஸ் நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கிறது. ஊரின் வழியே சிகாமட் பக்கம் போகும் பழைய முதலாம் எண் சாலையும், மூவாருக்குப் போகும் 24-ஆம் எண் சாலையும் கூட்டரசுச் சாலைகள். ஜே என்ற எழுத்தோடு எண் போட்டவை ஜொகூர் மாநிலச் சாலைகள். தாமானுக்குள் ஓடுபவை மாவட்ட மன்றத்தின் சாலைகள். மாநில, ஊராட்சிச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஆண்டுதோறும் மாநிலத்துக்கு மானியம் தருகிறது. அது சாலை நீளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. மாரிஸ் என்ற பதிவில் ஏறிய சாலைக்குத்தான் அந்தக் கணக்கு. உங்கள் தாமான் சாலை வருடக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது தார் போடுவீர்கள்" என்பதல்ல, "எங்கள் சாலை மாரிஸ் பதிவில் இருக்கிறதா" என்பதுதான். அதை மாநில அவையில் கேட்கலாம்.

கேள்வி நேரத்துக்குப் பிறகு

மதியத்துக்குள் அவை மசோதாவுக்கோ விவாதத்துக்கோ நகர்ந்துவிடும். ஆண்டின் முதல் கூட்டத்தொடரைச் சுல்தான் தொடங்கி வைத்து உரையாற்றுவார். 2024 ஜனவரி 31-இல் சுல்தான் இப்ராஹிம் மாமன்னராகப் பொறுப்பேற்ற பின் அந்தக் கடமை மாநிலத்தில் ரீஜெண்ட் துங்கு இஸ்மாயிலிடம் வந்தது. உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது நாட்கணக்கில் விவாதம் நடக்கும். உறுப்பினர்கள் தங்கள் தொகுதியைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லும் வாய்ப்பு இது. உங்கள் தாமான் பெயர் அவையில் ஒலிக்க வேண்டுமென்றால் ஒலிக்கும் இடம் இதுதான். முடிவில் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் துறை வாரியாகப் பதிலுரை தருவார்கள். பல நேரம் ஒலித்த பெயர்களில் பாதிக்குத்தான் பதில் இருக்கும். மீதியை யாரும் துரத்தாவிட்டால் காற்றோடு போகும்.

ஆண்டின் கடைசித் தொடர் வரவு செலவுத் திட்டத்துக்கு. மாநிலத்துக்கு வருமான வரியோ சுங்க வரியோ கிடையாது. நிலம், காடு, சுரங்கம், கேளிக்கை வரி போன்றவையும் கூட்டரசு மானியங்களும்தான் வருமானம். அதனால்தான் மேம்பாட்டாளருக்கு நில அனுமதி கொடுப்பதில் மாநில அரசுகளுக்கு எப்போதும் ஓர் ஆசை இருக்கிறது. இது நான் சொல்லும் குற்றச்சாட்டல்ல, வருமானப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

மசோதா நிறைவேறும் முறை சுருக்கமாக: முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும், இரண்டாவதில் கொள்கை விவாதம், குழு நிலையில் பிரிவு பிரிவாக, மூன்றாவதில் முடிவு. பிறகு சுல்தானின் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு. மேலவை என்ற இன்னொரு படி மாநிலத்தில் கிடையாது. ஆனால் கோலாலம்பூர் மேலவைக்கு இரண்டு செனட்டர்களைத் தேர்ந்து அனுப்புவது ஒவ்வொரு மாநில அவையின் உரிமை. செனட்டர்கள் எல்லோரும் பிரதமர் பரிந்துரைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரல் வாக்கு. ஆதரிப்போர், எதிர்ப்போர் என்று சபாநாயகர் கேட்டு, காதில் விழுந்ததைக் கொண்டு முடிவு சொல்வார். 40 பேர் ஒரு பக்கம் இருக்கும் அவையில் அது சடங்கு. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2021 டிசம்பரில் முன்னாள் மந்திரி பெசார் ஓஸ்மான் சாப்பியான் மறைந்ததும் அரசாங்கத் தரப்பில் 28, எதிர்த்தரப்பில் 27 என்று அவை நின்றது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆட்சி ஆடும். அடுத்த மாதமே, 2022 ஜனவரி 22-இல், அவை கலைக்கப்பட்டது.

உறுப்பினர்கள் பேசுவது மலாயில்தான். தமிழ் உறுப்பினரும் மலாயில்தான் கேட்பார். அவையில் பேசியதற்காக வெளியே வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அரசியலமைப்பின் 72-ஆவது பிரிவில் இருக்கிறது. அது முழுமையான பாதுகாப்பு அல்ல. நிந்தனைச் சட்டத்துக்கு அது பொருந்தாது, ஆட்சியாளர்களின் அரசியலமைப்பு நிலையை ஒழிக்கச் சொல்லி வாதாடவும் முடியாது.

அவைக்கு வராத அவை

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லா முடிவும் அந்த மண்டபத்தில்தான் எடுக்கப்படுகிறது என்று நம்பிவிட வேண்டாம். மந்திரி பெசாரும், நாலு முதல் பத்துப் பேர் வரை கொண்ட ஆட்சிக்குழுவும் மூடிய அறையில் கூடுகிறார்கள். கோயில் நிலம், பள்ளி நிலம், மேம்பாட்டாளர் மனு எல்லாம் அங்கேதான் போகின்றன. அந்தக் கூட்டத்துக்கு ஹன்சார்ட் கிடையாது, பார்வையாளர் மாடமும் கிடையாது. 15-வது அவையின் ஆட்சிக்குழுவில் தெங்காரோ உறுப்பினர் ரேவன் குமார் இடம் பெற்றார். இந்தியர்களின் மனுக்கள் அவர் மேசையில் குவிவது இயற்கை. ஆனால் ஒருவர் மேசையில் குவிவது ஒன்று, அவையில் எண் போட்ட கேள்வியாக ஏறுவது வேறு. முதலாவது அந்த ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கிறது. இரண்டாவது துறையைப் பதில் எழுத வைக்கிறது. மூடிய அறையில் எடுத்த முடிவைத் திறந்த அவையில் விளக்கச் சொல்லும் வழி கேள்வி நேரம் மட்டுமே.

கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தாமான் குடியிருப்பாளர் சங்கமும் செய்யக்கூடியது அதிகம் செலவில்லாத வேலைதான். அடுத்த கூட்டத்தொடர் எப்போது என்று ஒய்பி சேவை மையத்தில் கேளுங்கள். தேதிக்குப் பல வாரங்கள் முன்பே எழுதுங்கள், கேள்விகளுக்குக் கடைசி நாள் ஒன்று இருக்கும், அது முடிந்த பிறகு போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடிதத்தில் லாட் எண், சாலைப் பெயர், முன்பு கொடுத்த மனுவின் தேதி, வந்த பதிலின் கோப்பு எண் இருக்கட்டும். வருத்தத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள், முடிந்தால் மலாயிலேயே, அப்படியே அட்டவணையில் ஏற்றும்படி. உங்கள் உறுப்பினர் ஆட்சிக்குழுவில் இருந்தால், அவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, பக்கத்துத் தொகுதியில் கேள்வி கேட்கக்கூடிய ஒருவருக்கு மற்றொரு பிரதி அனுப்புங்கள். கட்சி பார்க்காதீர்கள். எழுத்துப் பதில் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பதில் வந்தால் அதன் நகலைச் சங்கத்தின் கோப்பில் போட்டு வையுங்கள், அடுத்த தொடரில் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.